குரைக்காத நாய்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக நாய் வாங்குவதென்று முடிவானதும், ஏற்காட்டில் லாட்ஜ் வேலையிலிருந்த மாமா எங்கள் ஊர் நாகலூருக்கே வந்துவிட்டார். ஓடியாடும் குடும்பத்துக்கு ஏற்ற நாய்களைச் செல்போனில் தேடி வைத்திருந்தார். ஓடியாடுவதில் எங்களுக்குக் குறைச்சலில்லை. அப்பா எஸ்டேட்டில் மரமேறிக் கிளை கழிப்பார், அம்மா காபிப் பழம் பறிப்பாள், அக்காவும் நானும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுப் பள்ளிக்கு நடப்போம்.

பகலில் வீட்டில் ஆளிருக்காது. நாய் அம்மாவோடுதான் எஸ்டேட்டுக்குப் போகவேண்டும். எனக்குச் சிப்பிப்பாறை வேட்டைநாய் மேல் கண். அம்மாவோ ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இது குலைக்குமா?"

"ஏனுங்க்கா, குலைக்காத நாய வெச்சு என்ன பண்றது?" என்று மாமா சிரித்தார்.

"செடிக்குள்ள காட்டெருமை நிக்குது. நாம கம்முனு ஒதுங்கிட்டா அதும்பாட்டுக்குப் போயிரும். நாய் குலைச்சா உடுமா?"

கடைசியில் ஒரு லேப்ரடார் குட்டி வந்து சேர்ந்தது. நொம்ப சாது, திருடன் வந்தாலும் வாலாட்டும் என்று மாமா உத்தரவாதம் கொடுத்தார். அப்படியே வளர்ந்தது. அம்மாவுக்குத் திருப்தி, பள்ளியில் எனக்குத்தான் மானம் போயிற்று. ஊமை நாய் என்று என் காதுபடவே சொன்னார்கள்.

அதனால் தினமும் சாயங்காலம் காபி காயவைக்கும் களத்துக்குப் பின்னால் நாய்க்குப் பாடம் நடத்தினேன். கையில் ஒரு பொறை ரொட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நானே குரைத்துக் காட்டுவேன். நாய் என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அதுவும் குரைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா மதியத்துக்கு முன்பே திரும்பி வந்தாள். சேலை கிழிந்திருந்தது, உள்ளங்கை இரண்டும் சிராய்த்திருந்தன, பழம் பறித்துப் போடும் பையைக் காணோம். காட்டெருமையைப் பார்த்து நாய் குரைத்திருக்கிறது. எருமை திரும்பியதும் நாய் பயந்து ஓடிவந்து அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. எருமையும் பின்னாலேயே வந்திருக்கிறது. செடி வரிசைக்கு நடுவே வெட்டியிருந்த குழிக்குள் விழுந்ததால் அம்மா பிழைத்தாள்.

"இந்த நாய் எங்கீங்க குலைக்கப் பழகுச்சு?" என்று, சேதி கேட்டு ஓடிவந்த அப்பாவிடம் கேட்டாள்.

நாய் நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தது. என் கையைப் பார்த்துக் குரைத்தது. மறுபடியும் குரைத்தது.

அப்பா கையை ஓங்கினார். அம்மா தடுத்தாள்.

"பொறை இருந்தாப் போடு கண்ணு. நீ சொல்லித் தந்ததத்தான செஞ்சுது."

அடி விழாமல் தப்பித்தேன் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா நாயைத் தூணில் கட்டிவிட்டு, வேறொரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தண்டனை நாய்க்குத்தான் என்று நினைத்து, பள்ளிக்குக்கூடக் கிளம்பாமல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா போனது, காட்டெருமை துரத்திய அதே சரிவுக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.