ரமணனின் கல்லும் தவத்தின் விளக்கும்

செய்தியை எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. நானே வாசித்தேன்.

அன்று காலை மருதனார்மடம் சந்திக்குப் போயிருந்தேன். சந்தையில் மூட்டை தூக்குகிற வயது எனக்குப் போய்விட்டது. ஆனாலும் அங்கே ஒரு தேத்தண்ணி குடிக்காவிட்டால் விடிந்தது போல இருக்காது. இப்போது போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, மதிலில் ஒட்டிய விளம்பரம், எல்லாவற்றையும் வாசிக்கலாம். மின்கம்பத்தில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படம் இல்லை. பசை காயவில்லை. கறுப்புக் கரை போட்டிருந்தது, ஆனால் நான் கரையைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தேன். 'ஓய்வுபெற்ற' என்பது ஒரே மூச்சில் வந்தது. 'ஆசிரியை' கொஞ்சம் தடக்கி வந்தது. இண்டைக்கு நல்லாய் ஓடுது என்று எனக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்கு வந்தேன். நா. கே. ஸ். வ. ரி. எழுத்துகள் கூடிப் பெயரானபோது தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்து என்னைப் பிடித்து வாங்கில் இருத்தினார்.

அந்த எழுத்துகளை எனக்குக் காட்டித் தந்தவரே நாகேஸ்வரி ரீச்சர்தான்.

ரீச்சரின் மகள் சுகந்தி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்றாள். "நான் சொல்லுறன், நீ எழுது பிள்ளை" என்றேன். "இல்லை கந்தையா மாமா, நீங்கள்தான் எழுத வேணும். நான் எழுதினால் அம்மா எங்கை இருந்தாலும் என்னைத்தான் ஏசுவா" என்றாள். ஆகவே எழுதுகிறேன். ஒரு வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் கையை உதறிவிட்டு, முற்றத்து வெயிலைப் பார்த்துவிட்டு, அடுத்த வரி. மானிப்பாயில் ரீச்சரிடம் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பிரம்போடு தெரியும். எனக்கு அவரை நெருப்புப் பெட்டியோடு தெரியும்.

சமாதான காலத்தில்தான் அவரைக் கண்டேன். போராடப் போன எங்கள் பிள்ளைகளை விதைத்த துயிலும் இல்லத்தை, இடப்பெயர்வோடு ஒருமுறை இடித்துப் போட்டிருந்தார்கள். சனம் திரும்பி வந்து அதை மறுபடி கட்டியது. என் மனைவி இடப்பெயர்விலேயே கண்ணை மூடிவிட்டாள். அந்தக் கார்த்திகை நினைவு நாளுக்கு நான் தனியாகத்தான் போனேன். மகன் தவராசாவின் இடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வேம்புக்கு நேரே, ஓரத்துக் கல். ஒருவரிடமும் கேட்கவில்லை. நேரே போய் அதன் முன்னால் இருந்தேன்.

பகல் முழுக்க மழை பெய்து பொழுதுபடத்தான் விட்டிருந்தது. கற்களுக்கு நடுவே கணுக்கால் தண்ணீர். மணி அடித்தது. எல்லாரும் ஒன்றாகச் சுடர் ஏற்ற வேண்டும். என் நெருப்புப் பெட்டி நனைந்து ஊறிப்போய்விட்டது. உரசுகிறேன், உரசுகிறேன், குச்சி முறிகிறது. அப்போது பின்னால் இருந்து ஒரு கை நீண்டது.

"இந்தாங்கோ அண்ணை. பதறாதேங்கோ. பிள்ளையள் பாத்துக்கொண்டுதான் இருப்பினம்."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு மாலை. எனக்குப் பின்னால் கன நேரமாக நின்றிருக்கிறா போல. நான் சுடரை ஏற்றியதும் அந்த அம்மா பக்கத்துக் கல்லுக்குப் போய், மாலையைப் போட்டு, தன் சுடரை ஏற்றினா. சுற்றிலும் சுடர்கள். தண்ணீருக்குள்ளும் சுடர்கள். எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. கற்கள் எல்லாம் கரை விட்ட வள்ளங்கள் போல மெல்ல அசைந்தன. நான் கல்லில் கன்னத்தை வைத்து, "தவம், அப்பா வந்திட்டன் ராசா" என்று கதைக்கத் தொடங்கினேன். வீட்டுக் கூரை, செத்துப்போன பசு, சந்தையில் வெங்காயம் விற்ற விலை, எல்லாம் சொன்னேன். பக்கத்தில் அந்த அம்மாவும் தாழ்ந்த குரலில் தன் கல்லோடு கதைத்தா.

பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் அப்படித்தான். அவர் பெயர் நாகேஸ்வரி என்றும், படிப்பிக்கிற ரீச்சர் என்றும், மகன் பெயர் ரமணன் என்றும் அறிந்தேன். நெருப்புப் பெட்டியை நான் கொண்டுபோவதே இல்லை. "எண்ணெய் காணுமோ அண்ணை?" "காணும் ரீச்சர்." இவ்வளவுதான் எங்கள் பேச்சு. மிச்சத்தைக் கற்களோடு பேசினோம்.

போர் முடிந்த பிறகு அந்தக் கற்களை மறுபடியும் இடித்தார்கள். இந்த முறை மேலே முகாம் வந்தது. விளக்கு ஏற்ற விடவில்லை. ஒரு கார்த்திகையில் பொறுக்க முடியாமல் ரீச்சர் வீட்டுக்குச் சைக்கிள் உழக்கிப் போனேன். அவர் குசினிக்குள்ளே, யன்னலைச் சாத்திவிட்டு, இரண்டு சிட்டி விளக்கு ஏற்றி வைத்திருந்தார். ஒன்று தவத்துக்கு என்றார். விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது என் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ரீச்சர், கல் இருந்த காலத்திலை எனக்கு அவன்ரை பேரை வாசிக்கத் தெரியேல்லை. இனி எழுதவாவது பழக்கி விடுவியளோ?"

ரீச்சர் பேணியைக் கீழே வைத்தார். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தக் கிழவனுக்கு இனி எங்கே ஏறும் என்று யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "ஓம் அண்ணை. ஆனால் முறைப்படி ஏடு தொடக்க வேணும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், விசயதசமி அன்று உண்மையாகவே என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் மூக்கு வடிய அழுகிற குஞ்சுகள். ஐயர் அரிசித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "பேரப்பிள்ளை எங்கை?" என்றார்.

"பேரப்பிள்ளை நான்தான் ஐயா."

கோயிலே சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்காமல், "அழாமல் இருக்கிற பிள்ளை இது ஒண்டுதான். விரலைப் பிடியுங்கோ ஐயா" என்றார். ஐயர் பிடித்தார். அரிசிக்குள் என் விரல் ஊர்ந்தது. அந்த அரிசியின் குளிர் இப்போதும் விரல் நுனியில் இருக்கிறது.

சந்தையில் கிடந்தவனுக்கு எழுத்தெல்லாம் மரக்கறியாகத்தான் தெரியும். ஞ இஞ்சிக் கிழங்கு. ண சுருண்டு கிடக்கிற புடலங்காய். "உங்களுக்கு அரிவரியோ, கறிக்கு அரியிறதோ?" என்று ரீச்சர் பகிடி பண்ணுவார். பிழை விட்டால் பிரம்பைத் தேடுவார். பிரம்பு எப்போதோ தொலைந்துவிட்டது. நான் 'தவராசா' என்று பிழையில்லாமல் எழுதிய பின்னேரம், அந்தக் கொப்பியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாணவன் கெட்டிக்காரன். ரீச்சருக்குத்தான் கண் தெரியேல்லை" என்றார்.

ஒருமுறை காணி அலுவலாக அவருக்குத் துணையாக வவுனியாவுக்குப் போனேன். வழியில் இராணுவத்தினருக்குக் கட்டிய பெரிய நினைவுத்தூண் ஒன்றுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. தெற்கிலிருந்து வந்த சனம் பூ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உவையின்ரை பிள்ளையளுக்கு இவ்வளவு பெரிய கல். எங்கடை பிள்ளையளுக்கு ஒரு பிடி மண்ணும் விடேல்லையே ரீச்சர்."

"ஓம் அண்ணை. அநியாயம்தான். அதை நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன்." பிறகு யன்னலால் கையைக் காட்டினார். "அந்த மனிசியைப் பாருங்கோ."

கூட்டத்தை விட்டு விலகி ஒரு கிழவி நின்றா. படம் எடுக்கவில்லை. கல்லில் வெட்டியிருந்த ஏதோ ஒரு பெயரை விரலால் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தா.

"அவவுக்கும் வாசிக்கத் தெரியாது போலை" என்றார் ரீச்சர். பஸ் வெளிக்கிட்டது. அந்தக் கிழவி மறையும் வரைக்கும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகாம் எழும்பிப் போன பிறகு, சனம் பற்றையை வெட்டி, உடைந்த கல்லுகளைப் பொறுக்கி ஒரு பக்கம் குவித்தது. அந்தக் கார்த்திகையில் ரீச்சரும் நானும் போனோம். வேம்பு அப்படியே நின்றது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதன் நேரே போய்ப் புல்லை விலக்கினேன். மண்ணுக்குள் புதைந்து, உடையாமல், ஒரு கல்லின் அடிப்பாகம் கிடந்தது. மழைத் தண்ணீரால் கழுவினேன். எழுத்து! நான் வாசிக்கப் போகிற என் மகனின் பெயர்!

ர. ம. அடுத்தது புடலங்காய்.

"ரமணன்" என்று உரக்க வாசித்தேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. "ரீச்சர், உங்கடை மகன்ரை பேர் எப்பிடி இதிலை?"

ரீச்சர் எனக்குப் பக்கத்தில், ஈரப் புல்லிலே சேலையோடு இருந்தார்.

"திரும்பக் கட்டேக்கை வரிசை ஒரு கல் தள்ளிப் போச்சு அண்ணை. முதல் நாளே கண்டனான். நீங்கள் என்ரை பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக் கதைச்சுக்கொண்டு இருந்தியள். எப்பிடி எழுப்புறது? அவனுக்குத் தகப்பன் இல்லை. சின்னனிலேயே செத்துப்போனார். அண்டைக்குத்தான் ஒரு தகப்பன்ரை கதை கேட்டிருப்பான்."

இத்தனை கார்த்திகையும் என் பிள்ளை இருட்டில் கிடந்தானோ?

"அப்ப என்ரை தவத்துக்கு?"

"நான் எங்கை நிண்டனான் அண்ணை? பக்கத்துக் கல்லிலைதானே. அதுதான் தவம். ஒரு வருசமும் விடேல்லை. மாலையும் போட்டனான்."

"அவனோடை என்ன கதைச்சனியள்?"

ரீச்சர் சிரித்தார். "வேறை என்ன? ‘அப்பா பக்கத்திலைதான் நிக்கிறார், யோசிக்காதை’ எண்டு சொல்லுவன்."

வேம்பிலிருந்து மழைத்துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. கல்லும் மண்ணும் புல்லும் எல்லாம் ஏதோ தண்ணீருக்கு அடியில் இருப்பவை போலத் தெரிந்தன. தவத்தின் கல்லில் ஒரு துண்டும் அகப்படவில்லை. அது இருந்த இடத்து ஈர மண்ணில் விரலால் அவன் பெயரை எழுதினேன். ரீச்சர் குனிந்து பார்த்து, "சரி" என்றார். வாத்தியார்மார் கொப்பியில் போடுகிற சரி மாதிரியே அதன் பக்கத்தில் ஒரு கோடும் இழுத்தார்.

"இனி இடம் மாறுவமோ அண்ணை? அவரவர் பிள்ளையட்டை?"

யோசித்துப் பார்த்தேன். "வேண்டாம் ரீச்சர். ரமணனுக்கு என்ரை குரல் பழகிப்போச்சு. தவமும் உங்களைத்தான் தேடுவான்."

அதற்குப் பிறகும் மாறவில்லை. கடைசிக் கார்த்திகை வரைக்கும் அவர் என் பிள்ளைக்கும் நான் அவர் பிள்ளைக்கும் சுடர் ஏற்றினோம்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சுகந்தி கேட்டாள். எழுத்து என்று சொல்லலாம். அது உண்மைதான். தெருவில் போனால் ஊர் முழுக்க என்னோடு பேசுகிறது, அந்தச் சந்தோசத்துக்கு அளவில்லை. அவருடைய நெருப்புப் பெட்டியையும் சுகந்தி எனக்கே தந்துவிட்டாள். ஆனால் எல்லாவற்றையும் விட, சொல்ல வேண்டிய ஒரு செய்தியை அவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார்.

வருகிற கார்த்திகையில் போவேன். மழை பெய்யும். முதலில் தவத்துக்கு ஏற்றுவேன். இவ்வளவு காலமும் அவனோடு நேரே கதைக்காத தகப்பன் நான். என் குரல் அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் செல்லும், பரவாயில்லை. பிறகு ஓர் எட்டு வைத்து ரமணனிடம் போவேன். வெங்காய விலை, கூரை ஒழுக்கு, எல்லாம் பிறகு சொல்லலாம். கல்லில் கன்னத்தை வைத்து முதலில் இதைத்தான் சொல்லுவேன்:

"அம்மா பக்கத்திலைதான் நிக்கிறா ராசா. யோசிக்காதை."