முள் இறங்கினால் காலை எடு

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக் கை கழுவப் போன அப்பா, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சை அடைக்கிறது என்றார். சட்டையெல்லாம் வியர்வை. ஆம்புலன்சுக்கு அழைத்தேன். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை, வர நேரமாகும் என்றார்கள். எங்கள் காரை என் கணவர் ஈப்போவுக்கு எடுத்துப் போயிருந்தார். வாசலில் நின்றது தம்பியின் கார் மட்டும்தான்.

தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை; காரை எங்கள் வீட்டிலேயே விட்டுவைத்திருந்தான். டர்போ எஞ்சின் வைத்த அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து, இன்னும் வேகமாகப் போக வேண்டுமென்று டியூன் செய்துகொண்டே இருப்பான். கடைசியாக வந்தபோது அதை வைத்து அப்பாவுக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. அதற்குப் பிறகு இருவரும் பேசவே இல்லை.

அப்பாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்துக் கிளம்பினேன். வேகமான கார், கிள்ளான் மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று நம்பினேன். வழியில் ஒரு கண்டெய்னர் லோரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தேன். கார் பாய்ந்தது. அடுத்த கணமே குலுங்கி உதறியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. லோரிக்குப் பக்கத்தில், முந்தவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். லோரிக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, வேகத்தைக் குறைத்து எனக்கு வழி விட்டார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இடது ஓரத்தில் நிறுத்தி, தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“டேய், அப்பாவுக்கு நெஞ்சு வலி. உன் காரு ஓட மாட்டேங்குதுடா!”

 “அக்கா, எஞ்சினை ஆஃப் பண்ணு. கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணு” என்றான். செய்தேன். விளக்கு அணையவில்லை. ஆனால் கார் பழையபடி நகர்ந்தது.

“ஸ்டியரிங் பக்கத்துல சின்ன மீட்டர் இருக்கா? அது பெட்ரோல் பிரஷர். நீ முழுசா மிதிச்சா எஞ்சின் கேக்குற அளவுக்கு பம்ப்பால குடுக்க முடியல. முள்ளு இறங்கிரும். உடனே காரு தன்னைக் காப்பாத்திக்க பவரைக் குறைச்சிரும். பாதிக்கு மேல மிதிக்காத. முள்ளு இறங்குனா காலை எடு. திரும்ப ஏறிரும்.”

“மெதுவா போனா அப்பாவுக்கு…”

“மெதுவா இல்லக்கா. ஒரே மாதிரி போ. அதான் சீக்கிரம்.”

சொல்வது சுலபம். அப்பா முனகும்போதெல்லாம் என் கால் தானாக அழுந்தியது. முள் சரசரவென்று இறங்கும். பதறிக் காலை எடுப்பேன். சற்று நேரத்தில் மேலே வந்துவிடும். இப்படி நாலைந்து தடவை ஆன பிறகுதான், காலை அழுத்துவது என் பயம் என்று எனக்கே பிடிபட்டது. மூச்சை இழுத்து விட்டேன். கார் சீராக ஓடத் தொடங்கியது.

அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல், ரொம்பச் சன்னமாக. “தம்பி லைன்ல இருக்கானா?”

“இருக்கேன்பா.”

“சாப்பிட்டியா?”

 அவன் அழுவது கேட்டது. பிறகு, “அக்கா, நீ ரோட்டைப் பாரு லா” என்றான்.

மருத்துவமனை வாசலில் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர்.

மறுநாளே தம்பி வந்துவிட்டான். காரில் லேப்டாப்பை இணைத்து, முந்தின நாள் ஓட்டியது பதிவாகியிருந்ததை எனக்குக் காட்டினான். எஞ்சின் கேட்ட பிரஷர் ஒரு கோடு, கிடைத்த பிரஷர் இன்னொரு கோடு. சாதாரணமாக ஓட்டிய இடங்களில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் முழுதாக மிதித்த இடத்தில் ஒன்று மேலே போக, மற்றது சரிந்திருந்தது. இந்த வகை எஞ்சினில் டாங்கில் உள்ள பம்ப் அனுப்பும் பெட்ரோலை இன்னொரு பம்ப் பல மடங்கு அழுத்தி நேராக எஞ்சினுக்குள் பீய்ச்சுமாம். முதல் பம்ப் தடுமாறினால் இரண்டாவதும் விழுந்துவிடும்.

“நிறைய கேக்கச் சொல்லி எஞ்சினை டியூன் பண்ணேன். குடுக்கிற பம்ப்ப மாத்தல. டவுனுக்குள்ள ஓட்டுனப்போ ஒண்ணும் தெரியலக்கா” என்றான். காரை விற்றுவிடப் போவதாகவும் சொன்னான்.

வார்டில் படுத்திருந்த அப்பாதான் தடுத்தார். “விக்காத. பம்ப்ப மாத்து.”

யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது சும்மா இருக்கும்போது தெரிவதில்லை. இப்போதெல்லாம் வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது திணறினால், ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்று சொல்ல வாயெடுக்கும் முன், நான் கேட்பதில் எதையாவது குறைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு கணம் யோசிக்கிறேன்.