மச்சுக்கு மேலே உடைந்த ஓடு

எங்கள் ஊர்ப் பழைய கச்சேரியைப் புகழாத ஆளே கிடையாது. மகாராஜா காலத்துப் பத்திரப்பதிவு ஆபீஸ். வெட்டுகல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆஞ்சிலிப் பலகை அடித்த மச்சு, அதற்கு மேலே ஓட்டுக்கூரை. எந்தக் கோடையிலும் உள்ளே குளுகுளு என்றிருக்கும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். எதிர்க்கடையில் ஆதாரப் பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்கோ, அந்த மச்சைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஷைலஜா அங்கே கூட்டித் துடைக்கிறவள். உதியன்குளங்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். ஊழியர்கள் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு முந்திரி ஆலைக்கு ஓடுவாள். புருஷன் சோமன் போனபிறகு மகள் லிஷாவை நர்சிங் படிக்க வைத்தது இந்த ஓட்டத்தில்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது. "எழுத்துகார சாறே, இன்னைக்கு ஆருக்க குடும்பத்தப் பிரிக்கப் போறீரு?" என்று என்னைச் சீண்டாமல் போகமாட்டாள்.

கச்சேரியில் ஒரு வழக்கம் உண்டு. ஓடு மாற்றினால் உடைந்ததை வெளியே எறியமாட்டார்கள். அரசாங்கச் சொத்து, ஏலம் விட்டுத்தான் கழிக்கவேண்டும். உடைந்த ஓட்டை எவன் ஏலம் எடுப்பான்? அதனால் மச்சின் மேலேயே அடுக்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஓடு. நடுமுறி என்று சொல்லும் நடு அறையில் பலகை அரிசிமூட்டையின் அடிபோலத் தொங்கியது.

ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்ட தலைமை எழுத்தர் ஈஸ்வரமூர்த்தியிடம் ஷைலஜா என் முன்னால்தான் கேட்டாள்.

"சாறே, அந்த ஓட்ட எறக்கச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சர்க்கார் சாதனமாக்கும். ஏலம் முடியாம தொடப்பிடாது. மகாராஜா கெட்டின கெட்டிடம், ஒண்ணும் ஆவாது."

"பின்ன எதுக்கு நடுமுறியில கெடந்த ஒங்க மேசைய எல்லாம் அடுத்த முறிக்கு மாத்தினிய?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதுக்காவ அந்த முறிய கூட்டாம போட முடியுமா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, என் பிழைப்பும் அந்தப் படியில்தானே.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மச்சு இடிந்தது. ஓடிப்போய் வெறுங்கையால் ஓட்டை அள்ளினோம். ஷைலஜாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. பாவி மனுஷி, அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இருக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் அதிகாரி ஒருவர் பேட்டி கொடுத்திருந்தார். அலுவலக நேரம் தொடங்காததால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டதாம்.

லிஷா அந்தப் பேப்பரோடு என் கடைக்கு வந்தாள்.

"மாமா, இதத் திருத்திப் போடச் சொல்லி ஒரு மனு எழுதித் தாருங்க. எனக்க அம்மைக்கு அதுதான் ஆபீஸ் நேரம்."