நடு நாற்காலி யாருக்கு?

குரூப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு வெயிலும் மேகமும் எதிரி இல்லை. நடுவில் போடுகிற நாற்காலிதான் எதிரி. கல்யாண வீட்டிலோ ஆபீசிலோ பத்துப் பேரை வரிசையாக உட்காரவைக்கப் பார்த்தவர் உங்களில் யாராவது இருந்தால் என் கஷ்டம் புரியும். ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். சம்பந்தி சண்டையெல்லாம் சமாளித்தவன்தான். என்னை ஓர் இடத்தில் இருக்கவிடாமல் அலைக்கழித்தது ஹாக்கி.

மூன்று பேர், மூன்று கட்சி

எங்கள் பக்கத்துப் பழைய ஹாக்கி ஆட்டக்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று கிளப் செக்ரட்டரி வந்தார். முதலாமவர் ஏழுமலை, காசிமேட்டு மீனவர். ஃபுல்பேக், அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நிற்கும் காவல். அடுத்தவர் காதர் பாய், வண்ணாரப்பேட்டை. மைதானத்தின் வலது ஓரமாகவே பறந்த ரைட் விங். கப்பல்களுக்குக் கயிறும் சங்கிலியும் விற்றார். மூன்றாமவர் டெஸ்மண்ட், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், என்ஜின் டிரைவர். கோல் போடும் சென்டர் ஃபார்வர்ட். வேறு வேறு டீமில் ஒருவரோடு ஒருவர் மோதியவர்கள். மூவரும் ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆகியும் யார் ஒசத்தி என்ற சண்டை ஓயவில்லை. குப்பம் ஏழுமலை கட்சி, வண்ணாரப்பேட்டை காதர் பாய் கட்சி, குவார்ட்டர்ஸ் டெஸ்மண்ட் கட்சி.

அவசரம் வேறு. டெஸ்மண்ட் குடும்பத்தோடு சீமைக்கே போய்விடப் போகிறார், சனிக்கிழமை கப்பல். அதற்குள் எடுக்காவிட்டால் மூவரும் சேர்ந்த படம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது. "அதெல்லாம் சரி சார், நடுவில் யார்?" என்று கேட்டேன். செக்ரட்டரி குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அத்த மட்டும் என்னாண்ட கேக்காத நைனா, நான் புள்ளகுட்டிக்காரன்!"

மரியாதை

புதன்கிழமை சாயங்காலம் மைதானத்தில் மூன்று நாற்காலி போட்டேன். சுற்றிலும் கூட்டம். மூவரும் பெரிய மனிதர்கள் இல்லையா? மரியாதை ஆரம்பமாயிற்று. "நீ குந்து பாய்." "அட, நீ குந்து ஏழுமலை." "நான் எதுக்கு மேன், நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க." வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் கறுப்புத் துணிக்குள் போவதும் வெளியே வருவதுமாகத் தவித்தேன். கடைசியில் காதர் பாய், "எவ்ளோ நேரம் நின்னுகினே இருக்கறது?" என்று நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏழுமலையின் முகம் சுண்டிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டவர், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, அவரை உட்காரச் சொன்னதே நீங்கதானே?" என்றேன். ஏழுமலை நின்று என்னை முறைத்தார்.

"மருவாதிக்குச் சொன்னா குந்திட்றதா?"

நாலு நாற்காலி

மறுநாள் காலை தட்டிலிருந்த இட்லிகளை இடம் மாற்றி மாற்றி வைத்ததில் எனக்கு ஒரு வழி பிறந்தது. செக்ரட்டரியையும் பிடித்து உட்காரவைத்தால் நாலு நாற்காலி. நாலில் நடு ஏது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, ஏழுமலையின் கையைக் காலைப் பிடித்து அழைத்துவந்தேன்.

நடு ஒழிந்தது, ஓரம் முளைத்தது. காதர் பாயை வலது ஓரத்தில் காட்டினேன். அவருடைய மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "ரைட் விங்தானே பாய், ஓரம்தானே அவர் இடம்?" என்று சாமர்த்தியமாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த மனுஷன் நாற்காலியையே தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்றப்பதான் ஓரம் நைனா! ஆடி முடிச்சப்புறமும் ஓரமா?"

அசையாதீங்க

வெள்ளிக்கிழமை. இதை விட்டால் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நாற்காலியே கிடையாது, மூணு பேரும் நில்லுங்க" என்று கத்தினேன். என் கத்தலுக்குப் பயந்தோ என்னவோ மூவரும் வந்து நின்றார்கள். நிற்பதிலும் நடு உண்டு என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் டெஸ்மண்ட் யாரும் சொல்லாமலே ஓரத்துக்குப் போய்விட்டார். என்னுடையது பழைய கண்ணாடி பிளேட் கேமரா. லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி மூடும்வரை ஒருவரும் அசையக்கூடாது. நான் எண்ணும்போதே கூட்டத்தில் ஒருவன், "நடுவுல நிக்கறவருதான் ராஜா!" என்று குரல் கொடுத்தான். நடுவில் யார் என்று பார்க்க மூன்று தலையும் திரும்பின. அந்த பிளேட் பாழ். கையிலிருந்த இன்னொரு பிளேட்டில், சண்டை கிளம்புமுன் உயிரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பதிந்துவிட்டது படம்.

கூட்டம் கலைந்தபிறகு ஸ்டாண்டை மடக்கியபடி டெஸ்மண்டிடம் கேட்டேன், ஓரத்துக்கு ஏன் போனீர்கள், மூன்று நாளாக உங்கள் கட்சி ஆள் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லையே என்று. அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கழற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாதிப் பேரு முன்னாடியே கப்பல் ஏறிட்டாங்க மேன், மிச்சம் பேரு என்கூட வர்றாங்க. நாளைலேருந்து எனக்காகச் சண்ட போட இங்க எவன் இருக்கான்?"

வாசலில்

படத்தைக் கடை வாசல் கண்ணாடிக்குள் வைத்தேன். டெஸ்மண்ட் சொன்னதுதான் நடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று ஏழுமலையா, காதர் பாயா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஓரத்தில் நிற்பவரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஹாக்கி மட்டையைத் தொட்டே அறியாத நான் டெஸ்மண்டுக்காக என்னத்தைச் சொல்ல? உள்ளே உட்காரவும் முடியாமல், வெளியே போய் வாதாடவும் தெரியாமல் குட்டிபோட்ட பூனையாகக் கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஏழுமலை தன் பெண்ணை மாப்பிள்ளையோடு படம் எடுக்க அழைத்துவந்திருந்தார். வாசலில் துறைமுகக் குமாஸ்தா ஒருவர், "மொத எடம் ஏழுமலை, ரெண்டாவது பாய், சட்டைக்காரருக்கு எடமே கெடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஏழுமலையைப் பார்த்ததும் குளிர்ந்துபோய், "நைனா, உன்ன எவனாவது தாண்டிப் போயிருப்பானா? நீயே சொல்லு!" என்றார். ஏழுமலை மீசையைத் தடவிக்கொள்வார் என்று நினைத்தேன். எவனும் தாண்ட முடியாத ஆள் என்பதுதான் ஊர் முழுக்க அவருக்கு இருந்த பேர். அவரோ பெண்ணை அப்படியே நிறுத்திவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

"டெஸ்மண்டு போனான்டா! ஒரே ஆட்டத்துல ரெண்டு தபா! நான் பந்தத் தேடிகினு நிக்கறேன், அது கோலுக்குள்ள கீது. எவனும் என்னத் தாண்டலன்னு நான் சொல்லிகினு திரிஞ்சது சுத்தப் பொய். அவன்தான் மொதல்ல, நான் அப்பால!"

அன்றிலிருந்து என் கடை வாசலில் சண்டை பழையபடி மூன்று கட்சியாக நடந்தது, டெஸ்மண்ட் கட்சிக்கு ஏழுமலை தலைவர், நான் தொண்டன், உள்ளே போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்லை.