அந்தப் பாட்டில் வரும் எருமை

நேற்றுச் சாயங்காலம் வானொலியில் ஒரு பேராசிரியர் என்னைத் தலைவன் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை, பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. கொல்லிமலைப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் ஓர் எருமை வருகிறது. தலைவிமேல் காதல் கொண்ட தலைவனைத்தான் அப்படி எருமை என்று மறைத்துப் பாடியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அந்த எருமை நான்தான் என்பது எனக்கும், அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டதற்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

பாட்டு இதுதான்:

எரும வருது எரும வருது
ஏத்தம் ஏறி வருது
கறக்காத பாலெடுத்துக்
கையிலேந்தி வருது
தோளக் காட்டச் சொல்லுது – கண்ணு
சாமக்காட்டுல குந்திக்கோ

கறக்காத பால் என்றால் வாய்விட்டுச் சொல்லாத அன்பாம். தோளைக் காட்டச் சொல்வது தழுவக் கேட்பதாம். சாமக்காடு என்றால் நடுச்சாமத்துக் காடு. அங்கே தலைவி குந்திக்கொண்டு காத்திருக்கிறாளாம். பேராசிரியருக்கு நல்ல கணீர்க் குரல். கேட்கக் கேட்க எனக்கே நம்பலாம் போலிருந்தது. அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்றால், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே இதே பொருளை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், ஒரு பாறைமேல் ஏறி நின்று சொன்னவன் நான்.

வெங்காயம் என்று சொன்னேனே, அந்த வாசனைக்கும் என் உத்தியோகத்துக்கும் சம்பந்தம் உண்டு. எனக்கு அப்போது அம்மை குத்துகிற வேலை. சொந்த ஊர் மலை அடிவாரம். அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தைக் கண்ணாடிக் குழலில் அடைத்து அனுப்புவார்கள். அது சூடு பட்டால் கெட்டுப்போகும் என்று ஈரத்துணி சுற்றி, வாழைமட்டைக்குள் பொதிந்து, பையில் போட்டுக்கொண்டு கொல்லிமலை ஏற வேண்டும். ரோடா, பஸ்ஸா? கால்தான். மேலே போய், தோளில் பாலைத் தடவி, வட்டமான இரும்புக் கருவி ஒன்றை வைத்து ஒரு திருகு திருக வேண்டும். தோல் கீறிப் பால் உள்ளே இறங்கும். அம்மைப்பாலுக்கு ஆகாத சூடு மகனுக்கு மட்டும் ஆகுமா என்று என் அம்மா கோட்டுப் பையில் ஒரு பிடி வெங்காயத்தைப் போட்டு அனுப்புவாள். ஒரு பக்கம் ஸ்பிரிட் வாசனை, ஒரு பக்கம் வெங்காய வாசனை. இப்படி மணந்துகொண்டுதான் நான் சர்க்கார் சேவை செய்தேன்.

அந்தக் காலத்தில் நிரந்தரமான வேலையைக் காயமான வேலை என்போம். என்னுடையது காயமாகவில்லை. என் மாமனுக்கு ஒரு மகள் இருந்தாள் (மேலே வெங்காயம் உரித்தவள்தான்). "உத்தியோகம் காயமாகட்டும் மாப்பிள்ளை, உப்புச்சக்கரை மாத்திக்கலாம்" என்று சொல்லி மாமன் நிச்சயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கறாரான மனுஷர், ஆனால் மலையில் குளிரும் என்று தன்னுடைய கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் மலைக்கு வந்து பார்ப்பார். தோள்களில் தழும்பு இருந்தால் வேலை காயம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய் மாடு மேய்க்கலாம். ஆக, ஊரார் தோளில் காயம் ஆனால்தான் என் வேலை காயமாகும், வேலை காயமானால்தான் கல்யாணம். பையிலோ வெங்காயம். அந்த நாட்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குக் காயம்தான்.

மலைக்காரர்களுக்குக் குத்திக்கொள்ளப் பிடிக்கவில்லை. அம்மை போடுவது மாரியாத்தா காரியம், அதில் சர்க்கார் எதற்குக் கையை நுழைக்கிறது என்று ஒரு பயம். குத்திக்கொண்டால் காய்ச்சல் வரும், கை தூக்க முடியாது, களையெடுப்பு நேரத்தில் யார் சோறு போடுவார்கள் என்று ஒரு கேள்வி. இரண்டாவது நியாயமான கேள்விதான். நான் முதல் தடவை போனபோது ஆட்களே அகப்படவில்லை. இரண்டாம் தடவை போனபோது ஆட்களுக்குப் பதிலாகப் பாட்டு இருந்தது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் ஓர் ஊர். ஏற்றம் ஏறி மூச்சு வாங்க நிற்கிறேன். எதிர்ச்சரிவில் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே பாட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடடா, என்ன ராகம்! நான் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதலாவதாக வந்தவன். அந்தச் சனியன் என்னை விட்டு இன்னமும் போகவில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது காட்டில் ஒருவருமில்லை. களையெடுத்து முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் ஊர்க்கவுண்டர் மட்டும் இருந்தார். முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. ஒருதரம் அம்மை வந்து பிழைத்தவருக்குக் குத்த வேண்டியதில்லை; அதனால் அவர் ஓடவில்லை, நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, அந்தப் பாட்டுக்கு என்னங்க அர்த்தம்?" என்றேன்.

"எருமப் பாட்டுங்க சாமி."

"அது தெரியுதுங்க. உள்ளர்த்தம்?"

"நாங்க என்னத்தக் கண்டோம்? படிச்சவங்க நீங்கதான் சொல்லோணும்."

கேட்டாரே ஒரு கேள்வி! பக்கத்திலிருந்த பாறைமேல் ஏறினேன். தலைவன், தலைவி, சொல்லாத அன்பு, நடுச்சாமம், எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "அப்படீங்களா" என்றார். முகத்தில் ஓர் அசைவு இருக்க வேண்டுமே! கடைசியில், "சாமிக்கு ராகமும் நல்லா வருதுங்க. அடுத்த ஊருக்குக் காட்டு வழி, கரடி நடமாட்டம் உண்டுங்க. இந்தப் பாட்டையே உச்சந்தொண்டையில பாடிக்கிட்டுப் போங்க. ஒண்ணும் கிட்ட வராது" என்றார்.

"நெசமாவே ஒண்ணும் வராதுங்களா?"

"ஒண்ணுமே வராதுங்க."

பாடினேன். அன்றிலிருந்து வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று எங்கே போனாலும் பாட்டோடுதான் போனேன். மலையில் ஒருதரம் பாடினால் எதிர்மலை இன்னொருதரம் பாடும். கவுண்டர் வாக்கு பொய்க்கவில்லை. ஒரு கரடிகூட வரவில்லை. ஒரு மனுஷனும் வரவில்லை.

போகிற ஊரெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். கோழி மேயும், அடுப்பு புகையும், ஆள் இருக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒரு வாசலில் சாமைச் சோறும், கொஞ்சம் தேனும், பலாச்சுளையும் மூடி வைத்திருக்கும். வந்தவன் பசியோடு போகக் கூடாதாம். தோளைத்தான் தர மாட்டார்கள், சோறு தருவார்கள். நானும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டு, நாளுக்கு நாள் அந்தக் கறுப்புக் கோட்டை நிறைத்துக்கொண்டு வந்தேன்.

குண்டூர் நாட்டில் ஒரே ஒரு பெரியவர் அகப்பட்டார். கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வலது தோளில் குத்தினேன். அடுத்த சுற்றில் போனால் ஊரில் மறுபடியும் அவர் ஒருத்தர்தான். இடது தோளைக் கேட்டேன். "ஏனுங்க, எனக்கு மட்டும் ரெண்டா?" என்று ஊரே அதிரும்படி கத்தினார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இதை வைத்தாவது எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பாட்டின் நாலாவது வரியில் ஒரு கமகம் சேர்ப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் நெருங்கிவிட்டது. வாழைமட்டையில் கடைசிக் குழல்கள். அந்த நேரம் பார்த்து மழையில் நனைந்து தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை, பாட்டு எங்கே வரும்? கரடி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று வாய் திறக்காமல் குண்டனி நாட்டில் ஓர் ஊருக்குள் நுழைந்தேன்.

ஊர் முழுக்க ஜனம்! பெண்கள் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் புழுதியில் உருண்டுகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் உலக்கைகள் அப்படியே நின்றன. இடுப்பில் குழந்தையோடு நின்ற குஞ்சம்மா என்ற பெண், செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பாடாம வந்துட்டீங்களே!"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ சாமி" என்று உள்ளே ஓடி மிளகுக் கசாயம் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, "நான் எதுக்குங்க பாடிக்கிட்டு வரோணும்?" என்று கிசுகிசுத்தேன். பக்கத்திலிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் பற்றிக்கொண்டது. குஞ்சம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொருள் சொன்னாள். பாட்டைக் கட்டியவளே அவள்தான்.

"எரும நீங்கதானுங்க. கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு மூசுமூசுன்னு ஏறி வர்றீங்கல்ல. கறக்காத பாலு உங்க அம்மப்பாலு. தோளக் காட்டச் சொல்றது ஆரு? நீங்கதானுங்களே! அதான் காட்டுல போயி ஒளிஞ்சுக்கோன்னு பிள்ளைகளுக்குச் சொன்னோம். நீங்களே பாடிக்கிட்டு வந்தீங்க, எங்களுக்கு வேல மிச்சம்."

"சாமக்காடுன்னா நடுச்சாமம் இல்லீங்களா?"

"சாமை வெளையற காடுங்க."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. இருந்தாலும் தமிழில் முதலாவதாக வந்தவன் அத்தனை லேசில் விடுவேனா? தலைவன், தலைவி என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டு வாதாடினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படியும் வச்சுக்கலாமுங்க. எங்கூட்டுக்காரரும் எருமதான்."

ஊட்டுக்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் என் பிழைப்பை நானே ராகம் போட்டு விரட்டியிருக்கிறேன். "வேல போயிருமுங்க. என் கல்யாணமே நின்னு போயிருமுங்க" என்றேன்.

கல்யாணம் என்றதும் பெண்கள் உலக்கையைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்கள். பெண் யார், மாமன் மகளா, என்ன நிறம், எத்தனை மாடு என்று விசாரணை நடந்தது. என் தொண்டைக்கு அத்தனை கேள்வி தாங்கவில்லை. "எருமைக்கும் ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்குதாமா" என்று குஞ்சம்மா மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் கேட்டாள். "கீழ சந்தையில அம்ம போட்டிருக்குதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

நிஜம்தான். தலையாட்டினேன். அவள் தன் குழந்தையின் தோளைப் பார்த்தாள்.

"சரிங்க. ஓடி ஓடி எங்களுக்கும் காலு நோவுது. தோளக் காட்டறோம். ஆனா ஒவ்வொரு தோளுக்கும் நீங்க பாடோணும்."

பாடினேன். அந்தத் தொண்டையிலிருந்து வந்த குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அசல் எருமை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததில் திருகியது தெரியாமலே குத்திக்கொண்டார்கள். குஞ்சம்மாவின் குழந்தைதான் முதல் தோள், அடுத்தது அவள். அன்றைக்குப் பாட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. சங்கதி மற்ற நாடுகளுக்கும் பரவிவிட்டது. அதற்குப்பின் அதே பாட்டைப் பாடிக்கொண்டு போனால் பிள்ளைகள் எருமை பார்க்க ஓடிவந்தார்கள். ஓடி ஒளிந்தவர்களும் இருந்தார்கள். எல்லாரையும் பிடித்தேன் என்று புளுக மாட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து தழும்புகளைப் பார்த்தார். குண்டூர் நாட்டுப் பெரியவர் சட்டமாக இரண்டு தோளையும் காட்டினார். வேலை காயமாயிற்று.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது எவ்வளவு பெரிய பிசகு என்பது பிள்ளைகள் பிறந்தபின்தான் தெரிந்தது. நான் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் அவள் உள்ளேயிருந்து "எரும வருது, எரும வருது" என்று இழுப்பாள். நான் வாசல்படி ஏறுவதற்குள் சீட்டுக்கட்டு பாய்க்கடியில் போய்விடும், பிள்ளைகள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார்கள். ஒருத்தன் தலைகீழாக விரித்துவைத்தும் படித்திருக்கிறான். மலைமேல் மட்டுமல்ல, என் வீட்டிலும் அந்தப் பாட்டு செய்தது ஒரே வேலைதான்.

இன்று அம்மை உலகத்திலேயே இல்லை என்கிறார்கள். குத்துகிற உத்தியோகம் போய்விட்டது. இப்போது பிறக்கிற குழந்தைகளின் தோளில் அந்த வட்டத் தழும்பும் இல்லை. போகட்டும், அந்த அம்மைச் சனியனுக்காக நான் வருத்தப்படப் போவதில்லை. மலைக்கு பஸ் போகிறதாம். யாரும் மூசுமூசென்று ஏறுவதில்லை. பேராசிரியரைக் குற்றம் சொல்லி என்ன? அந்தப் பாட்டிலிருந்து அம்மையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது காதல்தான். என் விஷயத்தில் அதுவும் பொய்யில்லை.

வானொலியை அணைத்துவிட்டு வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். திரும்பி வந்து வாசல் கதவில் கை வைத்தபோது உள்ளேயிருந்து, எத்தனையோ வருஷம் கழித்து, அந்தக் குரல் கேட்டது.

"எரும வருது, எரும வருது..."

பழக்கதோஷம், ஒரு நிமிஷம் வெளியிலேயே நின்று அவகாசம் கொடுத்தேன். உள்ளே பாய் சரசரக்கவில்லை, புத்தகம் புரளவில்லை. ஒளிந்துகொள்ளத்தான் வீட்டில் யாருமில்லை.