பதினான்காம் குழியின் சிவப்புக் கட்டைகள்

கோல்ஃப் விதி 17 தெளிவாகவே இருக்கிறது. சிவப்புக் கட்டைகளால் எல்லை காட்டப்பட்ட பகுதிக்குள் பந்து போய்விட்டால், ஆட்டக்காரர் உள்ளே போய், பந்து கிடக்கும் இடத்திலேயே நின்று அடிக்கலாம். உள்ளே போக மனமில்லாவிட்டால், ஒரு அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டு வெளியே வைத்து அடிக்கலாம். வெள்ளைக் கட்டை வேறு விஷயம். அதற்கு அப்பால் போன பந்தை மறந்துவிட வேண்டியதுதான். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க நிர்வாகத்தில் சுற்றறிக்கைகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு, இவ்வளவு சுத்தமாக எழுதப்பட்ட விதிகள் வேறெங்கும் கிடைத்ததில்லை. நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் நான் இந்த விளையாட்டில் விழுந்ததற்கு அதுவே காரணம். வன்னியில், அந்த விதி பொருந்த வேண்டிய ஓரிடத்தில், ஒரு காலை உள்ளேயும் மறுகாலை வெளியேயும் வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நின்றேன்.

ஓகஸ்ட் 12, பிற்பகல் 1.10. கிளிநொச்சிப் புகையிரத நிலையம். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டவனுக்குப் பசி. தென்மேற்குச் சோளகக் காற்று மேடையிலிருந்த தூசியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது. எனது நீண்ட மட்டைப் பையைப் பார்த்த முச்சக்கரவண்டிக்காரர், "என்ன ஐயா, மீன்பிடிக்கவோ?" என்று கேட்டார்.

"கோல்ஃப் விளையாட."

"ஓ, முரசுமோட்டைக்கு அங்கால. அங்க பை தூக்கவும் ஆள் தருவினம். அவைக்குப் பேர் கேடியாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "படத்தில வாற கேடி மாதிரி இல்லை, எல்லாம் நல்ல சனம்."

அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டியவராம். மைதானத்தைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். "புல்லு நல்ல வடிவு. ஆனா ஐயா, மாடு கட்டுற சனம் அந்தப் பக்கம் மாடு கொண்டுபோறதில்லை" என்றவர், வண்டியின் வேகத்தைக் கூட்டினார். விடுதி வரை 400 ரூபா. மறுநாள் மைதானத்துக்கு 1,800 ரூபா என்று பேசி முடித்தோம்.

ஓகஸ்ட் 13, காலை 5.50. பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி முரசுமோட்டையைத் தாண்டினோம். சிறுபோக நெல் அறுவடை முடிந்த வயல்கள் வெட்டிய தலைமயிர் போலக் கிடந்தன. வாய்க்கால் ஓரமாக ஒரு செம்மண் கிறவல் பாதை. அதன் முடிவில் மைதானம்.

பொது மைதானம் என்றால் அங்கத்துவம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கட்டணத்தைக் கட்டினால் யாரும் ஆடலாம். பதினெட்டுக் குழிகளுக்கு 9,500 ரூபா. ஆனால் அமைப்பு பெரும் போட்டிகளுக்கானது: மொத்த நீளம் ஏழாயிரத்து இருநூறு யார், பன்னிரண்டு குழிகளில் தண்ணீர், மற்றவற்றில் பற்றைக்காடு. ஒக்டோபர் நடுப்பகுதியில் வெளிநாட்டவர் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று நடக்கவிருப்பதாக வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர் இந்த ஊரைக் கண்டிருக்க மாட்டார்.

எனக்குப் பை தூக்க வந்தவர் ஒரு பெண். யோகா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நீளக்கைச் சட்டை, கழுத்துவரை மூடிய தொப்பி. பையைத் தோளில் போட்ட விதத்திலேயே பாரம் தூக்கிப் பழகியவர் என்று தெரிந்தது. நடக்கும்போது நிலத்தைப் பார்த்தே நடந்தார். எனது பந்து வானத்தில் பறக்கும்போதும் அவர் பார்வை நிலத்தில்தான்.

"பந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டாமா, பிள்ளை?"

"சத்தத்தில தெரியும் ஐயா. வலப்பக்கம் போச்சுது."

போயிருந்தது.

காலை 7.30. ஐந்தாவது குழி. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு ஆட்டக்காரர்கள் இல்லை. இத்தனை பெரிய, இத்தனை ஒழுங்காக மழிக்கப்பட்ட ஒரு வெளியில் இரண்டு பேர் மட்டும் நடப்பது, விருந்தினர் வராத கல்யாண மண்டபத்தில் இருப்பதைப் போன்றது. ஆட்காட்டிக் குருவி ஒன்று மட்டும் ஒவ்வொரு குழியிலும் எங்களைக் காட்டிக்கொடுத்துக் கத்தியது. ஏழாவது குழியில் யோகா கையை நீட்டி, "அந்த மூண்டாவது பனைக்கு நேரே அடியுங்கோ" என்றார். பார்த்தேன். வரிசையாக ஒன்பது பனைகள். ஒன்றுக்கும் தலை இல்லை.

காலை 9.40. பதின்மூன்றாவது குழியில் அந்தச் சத்தம் தொடங்கியது. டக். கொஞ்சம் பொறுத்து, டக். மரத்தில் யாரோ தட்டுவது போல. பந்தின் மேல் குனிந்திருக்கும்போது கேட்டது, நிமிர்ந்தால் நின்றது. யோகாவிடம் கேட்டேன்.

"பெட்டி, ஐயா. அடுத்த குழியில காணுவியள்."

பதினான்காவது குழிதான் இந்த மைதானத்தின் பெருமை என்று கையேட்டில் போட்டிருந்தது. நானூற்று நாற்பது யார், சோளகம் வலமிருந்து தள்ளும், இடப்பக்கம் முழுவதும் ஈச்சம் பற்றையும் நாயுண்ணிச் செடியும். பற்றையின் ஓரத்தில் சிவப்புக் கட்டைகள். நான் அடித்தேன். பந்து இடப்பக்கம் வளைந்து, விழுந்த சத்தம் கூட இல்லாமல் பற்றைக்குள் மறைந்தது.

கிட்டப் போனபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பற்றைக்குள் ஒரு வீட்டுக் கேற்றின் தூண் தனியே நின்றது. கேற்றும் இல்லை, மதிலும் இல்லை, வீடும் இல்லை. தூணில் ஒரு தகரக் கடிதப் பெட்டி. அதன் மூடிதான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, அந்தத் தூணைச் சுற்றிப் புல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பந்துகள். முப்பது, நாற்பது, அதற்கு மேலும். வெயிலில் மஞ்சளித்தவை, பாசி பிடித்தவை. பெரிய ஏதோ ஒன்று முட்டையிட்டுவிட்டுப் போனது போலக் கிடந்தன. ஒரு மாட்டின் காலடித் தடம் ஓரத்திலிருந்து உள்ளே போயிருந்தது. திரும்பி வந்த தடத்தைத் தேடினேன், காணவில்லை.

எனது பந்து, கடிதப் பெட்டிக்கு நேரே நின்ற நாலு கட்டைகளில் மூன்றாவதற்கு அப்பால், எட்டு அடி தூரத்தில் தெளிவாகத் தெரிந்தது. விதி 17 என்னைப் பார்த்துத் தலையசைத்தது. வலது காலை உள்ளே வைத்தேன்.

"ஐயா." யோகாவின் குரல் உயரவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. "அப்பிடியே நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ, திருப்பாதேங்கோ."

நின்றேன். அவர் பையை நிலத்தில் வைத்தார், சத்தம் கேட்காமல். எனக்குப் பின்னால் வந்து, முழந்தாளிட்டு, எனது சப்பாத்தைச் சுற்றியிருந்த புல்லை விரல்களால் விலக்கிப் பார்த்தார். கடிதப் பெட்டி மட்டும் ஒரு தடவை தட்டியது. வியர்வை எனது கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"சரி. இப்ப நேரே மேல தூக்கி, பின்னால வையுங்கோ. என்ர கை இருக்கிற இடத்தில."

வைத்தேன். புல்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது உள்ளே போகக்கூடிய பகுதியல்லவா? சிவப்புக் கட்டை" என்றேன். அந்த நிலையிலும் விதியை விடவில்லை.

"சிவப்பெண்டா உள்ள போகலாம், வெள்ளையெண்டா போகப்பிடாது." யோகா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "உங்கட விளையாட்டை ஆர் ஐயா எழுதினது? நான் ஏழு வருசம் கண்ணிவெடி எடுத்தனான். எங்களுக்குச் சிவப்புக்கு அங்கால சாவு. வெள்ளைக்கு உள்ள நடக்கலாம்."

பிறகு கட்டைகளைக் காட்டினார். நெடுக இருந்தவை பிளாஸ்ரிக் குழாய்கள். ஆனால் கடிதப் பெட்டிக்கு நேரே நின்ற நாலும் மரம். தலை, சுத்தியல் அடியில் பிளந்திருந்தது.

"இந்த நாலும் நான் அடிச்சது. ஒருநாள் பின்னேரம் வேலை முடிக்கேக்க அதுவரைக்கும் துப்புரவாக்கின எல்லைக்கு அடிச்சிட்டுப் போனனாங்கள். அடுத்த நாள் மழை. பிறகு எங்களை வேற இடத்துக்கு மாத்திப்போட்டினம். திரும்பி வரேல்லை. மைதானம் கட்டேக்க, வந்தவை இதையும் விளையாட்டுக் கட்டை எண்டு நினைச்சு, இதை ஒட்டித் தங்கட குழாயை நட்டிருக்கினம். வருசா வருசம் இதுக்கும் சேர்த்து புதுப் பெயின்ட் அடிக்கினம்."

"முகாமையாளருக்குச் சொல்லவில்லையா?"

"மூண்டு தரம் சொன்னனான். வரைபடத்தில துப்புரவாக்கின காணி எண்டுதான் கிடக்காம். நீ எழுதிக் குடு, மேல அனுப்பிறன் எண்டார். நான் எழுதினா ஐயா, நாளைக்கு வேற ஒருத்தி பை தூக்குவாள்." பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போட்டிக்கு முதல் இந்தப் பற்றையை வெட்டச் சொல்லிப்போட்டினம். செப்டெம்பர் முதலாம் திகதி. மெசின் ஓடுறது என்ர மனுசன்."

"மாட்டேன் என்று சொல்லட்டுமே?"

"சொன்னா வேற ஆளைப் போடுவினம். அவனும் ஆரோ ஒருத்தியின்ர மனுசன்தானே."

மிச்சக் குழிகளை நான் ஆடவில்லை. புள்ளி அட்டையில் பதினான்குக்கு எதிரே கோடு போட்டேன். மைதானத்தைக் குறுக்காக வெட்டி அலுவலகத்துக்கு நடந்தோம். யோகா முன்னே, அவர் கால் வைத்த இடத்தில் நான். வெட்டிய புல்லில் அதற்குத் தேவையே இல்லை. இருந்தும் அப்படித்தான் நடந்தேன்.

முற்பகல் 11.20. முகாமையாளர் வவுனியாக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் கடிதம் இல்லாமல் எதையும் செய்யப் பயப்படுவார்கள். குளிர்பானம் தந்தார். நான் வெள்ளைத்தாள் கேட்டேன்.

இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று, கண்ணிவெடி அகற்றும் பணிகளைப் பார்க்கும் அலுவலகத்துக்கு: இடம், மரக்கட்டைகள் நான்கு, கண்ணிவெடி அகற்றிய அனுபவமுள்ள ஒருவரின் சந்தேகம், உடனடிப் பரிசோதனைக்கான வேண்டுகோள். யோகாவின் பெயரைப் போடவில்லை. மற்றது, மைதானத்தை நடத்தும் கம்பனியின் கொழும்புத் தலைமையகத்துக்கு: பதினான்காம் குழியின் எல்லைக் கட்டைகள் பற்றி ஓர் ஆட்டக்காரரின் முறைப்பாடு, எழுத்துமூலத் தீர்ப்புக் கோரல். இரண்டாவதன் பிரதியை முகாமையாளர் முன்னால் வைத்து, திகதி முத்திரையோடு கையெழுத்து வாங்கினேன்.

"இந்த முறைப்பாட்டுக்கு எழுத்தில் தீர்ப்பு வரும்வரை, சம்பந்தப்பட்ட நிலத்தில் ஒரு புல்லும் வெட்டப்படக் கூடாது" என்றேன்.

"எந்த விதி சேர்?"

"பதினேழின் கீழ் ஒன்பதாவது உபவிதி."

அப்படி ஒரு உபவிதி இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் மற்றவர்கள் இல்லாத விதிகளை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். நானாக ஒன்றைப் படைத்தது அன்றுதான். முகாமையாளர் அதை மிகக் கவனமாகத் தனது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கதவோரத்தில் நின்ற யோகா முதன்முறையாக நிலத்தை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "உண்மையா அப்பிடி ஒண்டு இருக்கோ ஐயா?" என்று கேட்டார்.

"இப்போது இருக்கிறது."

"என்ர மனுசன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார்." சிரிக்க முயன்றார். "ஆனா கம்பனியின்ர மறுமொழி முதல் வந்தா?"

கடிதங்களை நானே கிளிநொச்சித் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ஓகஸ்ட் 14, பிற்பகல். கொழும்புக்குத் திரும்பும் புகையிரதம். சேவையில் இருந்த காலம் முழுவதும் மேசையில் தூங்கும் கடிதங்களைத் திட்டி வந்தவன், அன்று ஒரு கடிதம் நன்றாகத் தூங்கவேண்டும் என்றும், மற்றது ஓடவேண்டும் என்றும் விரும்பினேன். பெட்டியில் எதிரே இருந்தவர் என் சப்பாத்தைப் பார்த்தார். வலது சப்பாத்தின் நுனியில் அந்த இடத்துச் செம்மண். துடைக்க மனம் வரவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பிலும் கடிதப் பெட்டிகள் வரிசையாக உண்டு. கடற்காற்றுக்கு அவற்றின் மூடிகளும் அடிக்கும். இருபது வருடமாக எனக்கு அது கேட்டதில்லை. இப்போது கேட்கிறது.

யோகா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்தார். "ஒண்டும் வரேல்லை ஐயா. மெசின் கொட்டிலுக்குள்ளதான் நிக்குது." செப்டெம்பர் முதலாம் திகதி போனது. எட்டாம் திகதி குரல் மாறியிருந்தது. "தலைமையகம் மனேஜருக்கு எழுதியிருக்காம். நீங்கள் சொன்ன உபவிதி அவையின்ர புத்தகத்தில இல்லையாம். உங்களிட்டப் பிரதி கேட்கச் சொல்லியிருக்கு."

அதற்கு நான் அன்றே முகாமையாளருக்குப் பதில் எழுதினேன்: குறிப்பிட்ட பிரதி பழைய கோப்புகளில் தேடப்படுகிறது, கிடைத்ததும் அனுப்பப்படும். இந்த வசனத்தை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர் உயிரைக் காக்க எழுதியது இதுதான் முதல்.

பிறகு மூன்று வாரம் யோகா அழைக்கவில்லை. நானாக அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. மைதானத்து இலக்கத்திலும் யாரும் எடுக்கவில்லை. மாலையில் நடைப்பயிற்சிக்குக் கடற்கரைக்குப் போனால், நிலத்தைப் பார்த்தே நடந்தேன்.

பதில் எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. பழுப்பு உறை, அலுவலக முத்திரை, ஒரு பக்கம். குறித்த இடம் மூன்று வாரங்களாகப் பரிசோதிக்கப்பட்டது. அக்காலத்தில் மைதானம் மூடப்பட்டிருந்தது, பணியாளர்கள் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை, எவருக்கும் காயமில்லை. மிதிவெடிகள் இரண்டு அகற்றப்பட்டன. இரண்டாவது, கேற்றுத் தூணின் அடியில். முதலாவது, மூன்றாவது மரக்கட்டையிலிருந்து நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் உள்ளே. மீட்கப்பட்ட ஏனைய பொருட்கள்: கோல்ஃப் பந்துகள் 61, கடிதப் பெட்டி 1, வெற்று.

அலுமாரியின் அடியிலிருந்து எனது வலது சப்பாத்தை எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்தேன். குதியிலிருந்து நுனிவரை முப்பத்தொரு சென்ரிமீற்றர். அன்று கட்டைக்கு அருகே எந்த அளவு உள்ளே வைத்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு, பழைய வழக்கப்படி, உறையின் மூலையில் பேனாவால் குறித்துவைத்தேன்: கிடைத்தது, ஒக்டோபர் 7.