ரிவர்ஸ் எடுத்த சோலை அண்ணன்

சித்திரபுரம் ஜீப் ஸ்டாண்டில் சோலை அண்ணனிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். "மேகம் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்ட சுற்றுலாக்காரரிடம், "அதென்ன பஸ்ஸா, டைம் சொல்ல?" என்று கேட்டவர் அவர். ஆனாலும் அவர் ஜீப்புக்குத்தான் போட்டி. முகட்டுக்கு ஏறும் எஸ்டேட் ரோட்டில் ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பாதாளம். அதில் கையிலிருக்கும் கட்டன் சாயா சிந்தாமல் ஓட்டுவார். உச்சியில் நின்றால் கிழக்கே தமிழ்நாட்டுச் சமவெளியை மேகம் மூடிக் கிடக்கும். அதற்குள்ளிருந்து சூரியன் எழும்பும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

எனக்கு அந்தச் சூரியனைக் கண்டாலே ஆகாது. ரோட்டின் பாதியில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில்தான் எங்கள் வீடு. ஃபேக்டரியில் தேயிலைத் தூள் பாக்கெட் போடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் தலைப்பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. வலி வந்த அன்று ஜீப்புகள் எல்லாம் சூரியனைக் காட்ட மேலே போயிருந்தன. ஒரு வண்டி இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரைக் குறை சொல்ல? அவரவர் பிழைப்பு.

மறுபடி உண்டானபோது பயத்திலேயே நாள் ஓடியது. கிறிஸ்துமஸ் லீவு நேரத்தில், விடியப்போகிற வேளையில் வலி கண்டது. வீட்டுக்காரர் சதீஷ் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தார். மாமியார் சுருளியம்மாள் லயத்து முனைக்கு ஓடி, "ஏ சோலை!" என்று ஒரே கத்து. ஜீப் அங்கேயே நின்றது. எப்படி என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பின்சீட்டில் மாமியார் மடியில் சாய்ந்தேன்.

சில வளைவுகள் தாண்டியதும் எதிரே வரிசையாக லைட்டுகள். சூரியனைப் பார்க்கக் கிளம்பிய ஜீப்புகள். எங்கள் மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் பாதை. இறங்குகிற வண்டி, ஒதுங்க இடம் கிடைக்கிறவரை ரிவர்ஸிலேயே மேலே போக வேண்டும். அண்ணனுக்குக் காலம் காலமாகப் பழகிய கை. லைட்டைப் பார்த்ததும் தானாக ரிவர்ஸ் போட்டுவிட்டது. என்னை வைத்துக்கொண்டு ஜீப் விறுவிறுவென்று மேட்டில் பின்னால் ஏறுகிறது!

"ஏலே கூறுகெட்டவனே! பிள்ளை பெறப் போறவள மறுபடி லயத்துக்கா கொண்டு போற?" மாமியார் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜீப் குலுங்கி நின்றது. அண்ணன் இறங்கி ஓடினார். முதல் வண்டியில் சிஜு. சவாரித் தகராறில் இரண்டு பேருக்கும் பல மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"சிஜு, பிரசவக் கேசுடா. வழி விடுடா. உன் கால்ல வேணாலும் விழுறேன்" என்றார். யாரிடமும் இறங்கிப் பேசாத மனுஷன்.

"எந்தா சேட்டா இது, காலு கையின்னு! போயி வண்டியில கேறு" என்ற சிஜு, பின்னால் பார்த்து விசில் அடித்தான்.

கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக ஜீப்புகள் ரிவர்ஸில் இறங்கத் தொடங்கின. ஒரே பனிமூட்டம், வண்டி நிறைய ஆட்கள். யாருமே முணுமுணுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தர், "எங்க சன்ரைஸ் என்னாகுறது?" என்று கத்தினார். "வாயை மூடிட்டு உட்காருங்க" என்று அவர் மனைவியே அடக்கினாள். கீழே பாலத்தடி வரை பின்னாலேயே போய் அத்தனை வண்டியும் ஒதுங்கி நின்றன. நாங்கள் கடக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அன்றைக்குச் சூரியனைப் பார்க்க உச்சியில் ஒரு ஆள் இல்லை. அந்த டிரைவர்கள் ஒவ்வொருத்தர் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கும் விளக்கேற்றும்போது அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

மூணாறு ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்ததும், "வேணாம் தாயி, அதைச் சொல்லாதீக" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்து கதவோரமே நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?" என்று அழுதுவிட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். அந்த ரிவர்ஸ் கதைய மட்டும் ஸ்டாண்டுல சொல்லிராத தாயி."

மாமியார் மத்தியானமே ஸ்டாண்டுக்குப் போன் போட்டு அதைச் சொல்லியிருந்தார். நான் சரியென்று தலையாட்டி வைத்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

"சீசன் நேரத்துல, அந்நேரம் உங்க வண்டி எப்படிண்ணே லயத்துல நின்னுச்சு?"

கேட்டதற்கு முறைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்கு மாசம் நெருங்குனதுலருந்து ராத்திரியெல்லாம் அங்கதான் நிக்குது. நான் மேல போகல. போன தடவை உன் மாமியா போன் அடிச்சப்ப, நான்தான் உச்சியில நின்னு சூரியனைக் காட்டிக்கிட்டிருந்தேன் தாயி."

நான் பிள்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.